நொறுங்கு நட்சத்திரத்தின் எலும்புக் கணக்கு

சோமனூரில் ஜவுளித் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு வித்தை கைவந்திருக்கிறது. விரல் அகலமுள்ள வெட்டுத் துணி ஒன்றைக் கொடுத்தால் போதும். நூல் எண்ணும் கண்ணாடியை அதன் மேல் வைத்து, ஓர் அங்குலத்துக்குப் பாவு இழை எத்தனை, ஊடை இழை எத்தனை என்று எண்ணிவிடுவார்கள். நூல் எந்த நம்பரைச் சேர்ந்தது, துணி எந்த ரகம் என்று அடுத்த நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். முழுத் துணியையும் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நெசவின் இலக்கணம் அந்தச் சிறு துண்டிலேயே அடங்கியிருக்கிறது.

பிராணி சாஸ்திரத்திலும் இதற்கு ஒப்பான வித்தை ஒன்று உண்டு. கடுகளவே உள்ள எலும்புச் சில்லு ஒன்றைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து, இது எந்த ஜந்துவின் உடலிலிருந்து உதிர்ந்தது, அதன் வம்சம் எது, அந்த வம்சத்தார் இன்று எந்தக் கடலில் வாழ்கிறார்கள் என்று கூறுகிற வித்தை அது. அந்தச் சில்லு பத்துக் கோடி வருஷத்துக்கு முந்திய பாறையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். நேற்று மண்டபத்தில் வலையில் அகப்பட்டதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இலக்கணம் ஒன்றுதான். இந்த உண்மை நிலைநாட்டப்படுவதற்குப் பல தேசத்து அறிஞர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பாடுபட்டார்கள். அந்த வரலாற்றையும், அதில் தமிழ்நாட்டுக்குரிய பங்கையும் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐந்து கை அதிசயம்

நட்சத்திர மீனைப் படத்திலாவது பார்க்காதவர்கள் அபூர்வம். கடற்கரைக்குப் போய்வந்த குழந்தைகள் உலர்ந்துபோன நட்சத்திர மீன் ஒன்றைப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருப்பதுண்டு. அதற்கு நெருங்கிய உறவினர் ஒருவர் இருக்கிறார். நடுவில் காலணா அளவுக்கு ஒரு வட்டு. அதிலிருந்து மெலிந்து நீண்ட ஐந்து கைகள். கைகள் பாம்புபோல் நெளியும். அதனால் இதைப் பாம்பு நட்சத்திரம் என்பாரும் உளர். பிடித்து இழுத்தால் கை ஒடிந்து நம் கையோடு வந்துவிடும். ஜந்து மற்றக் கைகளை வீசிக்கொண்டு ஓடிப்போய், இழந்த கையைச் சில காலத்தில் மறுபடி வளர்த்துக்கொள்ளும். இப்படி எளிதில் ஒடிவதால் நொறுங்கு நட்சத்திரம் என்ற பெயர் இதற்கு மிகவும் பொருந்துகிறது.

நட்சத்திர மீனுக்கும் இதற்கும் வித்தியாசங்கள் பல. நட்சத்திர மீனின் கை உடலோடு கலந்து அகன்று தொடங்கும். நொறுங்கு நட்சத்திரத்தின் கையோ வட்டிலிருந்து தனியாக ஒட்டவைத்ததுபோல் பிரிந்து நிற்கும். நட்சத்திர மீன் அடிப்புறத்திலுள்ள நூற்றுக்கணக்கான சிறு குழாய்க் கால்களால் மெல்ல நகரும். நொறுங்கு நட்சத்திரம் கைகளையே துடுப்பாக வீசித் துரிதமாக நகரும். 1758ஆம் வருஷத்தில் ஜீவராசிகளையெல்லாம் வகைப்படுத்திய ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் இரண்டையும் ஒரே பெயருக்குள் அடக்கிவிட்டார். இன்று இவை தனித்தனி வகுப்புகள் என்பது நிச்சயமாகிவிட்டது. இப்போது உயிர் வாழ்கிற நொறுங்கு நட்சத்திரங்களில் ஏறக்குறைய 2,100 இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. கடலோரப் பவழப் பாறையின் இடுக்கு முதல் சூரிய வெளிச்சமே எட்டாத ஆழ்கடல் வரையில் இவை இல்லாத இடமில்லை.

உடம்பெல்லாம் எலும்பு

இந்த ஜந்துவின் கையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். உள்ளே, நமது முதுகெலும்பின் கணுக்களைப்போல், ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த கணுவெலும்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு கணுவையும் சுற்றி நான்கு தகடுகள்: மேலே ஒன்று, கீழே ஒன்று, இரு பக்கங்களிலும் ஒவ்வொன்று. பக்கத் தகட்டின் மேல் முட்கள் வரிசையாக நிற்கின்றன. வாயைச் சுற்றி ஐந்து தாடைகள், அவற்றில் பற்கள். ஒரு கையில் நூறு கணுக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து கைகளிலும் சேர்த்துக் கணுவெலும்புகள் ஐந்நூறு, பக்கத் தகடுகள் ஆயிரம். முட்களையும் வட்டின் செதில்களையும் சேர்த்தால் ஒரு சிறு ஜந்துவின் உடலில் ஆயிரக்கணக்கான எலும்புச் சில்லுகள் இருப்பது தெரியும்.

இவை நம் எலும்பைப் போன்றவை அல்ல. சுண்ணாம்புக்கல்லில் உள்ள அதே கால்ஸைட் என்ற தாதுப் பொருளால் ஆனவை. ஒவ்வொரு சில்லும் கடற்பஞ்சுபோல் நுண்ணிய துளைகள் நிறைந்த வலைப்பின்னலாக இருக்கிறது. ஆயினும் அது முழுவதும் ஒரே பளிங்கு போல ஒளியை விலக்குகிறது. கடல் முள்ளெலி, கடல் வெள்ளரி, நட்சத்திர மீன் முதலான முட்தோலிப் பிராணிகள் எல்லாவற்றுக்கும் இந்த அமைப்புப் பொது. கடல் மணலில் ஒரு துணுக்குக் கிடைத்தாலும், இது முட்தோலிக் குலத்தைச் சேர்ந்தது என்று உடனே கூற முடிவது இதனால்தான்.

இறந்தபின் நேரும் சங்கடம்

இத்தனை எலும்பு இருந்தும், நொறுங்கு நட்சத்திரத்தை ஆராய்வதில் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. சங்கும் சிப்பியும் இறந்தபின் முழு உருவத்தோடு மண்ணில் புதைந்து கல்லாகின்றன. நொறுங்கு நட்சத்திரத்தின் எலும்புகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது தசையும் நாரும்தான். உயிர் போய்ச் சில நாட்களில் அவை அழுகிவிடுகின்றன. எலும்புகள் மூலைக்கொன்றாகச் சிதறுகின்றன. உயிரோடிருக்கும்போதே மண் சரிந்து மூடினாலன்றி முழு உடல் கற்படிவமாகக் கிடைப்பது அரிது. ஜெர்மனியில் ஹுன்ஸ்ருக் என்னுமிடத்துப் பலகைக்கல் போன்ற சில இடங்களில் மட்டுமே அத்தகைய அழகிய படிவங்கள் ஏராளமாகக் கிடைத்தன.

ஆகவே ஒரே பிராணியைப் பற்றி இரு வேறு கணக்குகள் எழுதப்பட்டு வந்தன. உயிருள்ள ஜந்துவை ஆராய்ந்தவர்கள் வட்டின் செதில், வாயின் பற்கள், தோலின் தன்மை ஆகிய வெளி அடையாளங்களைக் கொண்டு இனம் பிரித்தார்கள். பாறையை உடைத்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்ததோ சிதறிய சில்லுகள். இவர் கணக்கிலுள்ள அடையாளம் அவருக்குக் கிடைக்காது. அவர் கண்டதை இவர் பொருட்படுத்தவில்லை. பாறைகளிலிருந்து எண்ணற்ற சில்லுகள் கிடைத்தும், பெயரின்றிப் பெட்டிகளில் கிடந்தன.

வகைப்படுத்திய வரலாறு

1872 முதல் 1876 வரையில் உலகக் கடல்களைச் சுற்றிவந்த சாலஞ்சர் என்னும் கப்பல் கொண்டுவந்த நொறுங்கு நட்சத்திரங்களைப் பற்றி, அமெரிக்க அறிஞர் தியோடர் லைமன் 1882இல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். புதிய இனங்கள் பல அதில் விவரிக்கப்பட்டன.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் ஆசியாக் கண்டத்தவர் என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். ஜப்பான் தேசத்து ஹிகோஷிச்சிரோ மட்சுமோட்டோ, 1917இல் வெளியிட்ட தமது நூலில், வெளித் தோற்றத்தை மட்டும் நம்பாமல், உள்ளே இருக்கும் எலும்பின் அமைப்பை ஆதாரமாக வைத்துக்கொண்டார். கணுவெலும்புகள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன, தாடை எப்படி அமைந்திருக்கிறது என்றெல்லாம் பார்த்து, உயிருள்ளவற்றையும் கல்லாய்ப்போனவற்றையும் ஒரே திட்டத்தில் அடக்க முயன்றார். பழைய யுகத்துப் பிராணிகள் பலவற்றில் கணுவெலும்பு இரண்டு பாதிகளாகப் பிரிந்தே இருந்தது. இன்றுள்ளவற்றில் அவ்விரு பாதிகளும் ஒன்றாக இணைந்துவிட்டன. இவ்விதம் எலும்பே காலத்தைக் காட்டும் கடிகாரமும் ஆயிற்று.

ஆயினும் ஒரு குழப்பம் நீங்கவில்லை. கூடை நட்சத்திரம் என்று ஓர் உறவினர் உண்டு. அதன் கைகள் மரக்கிளைபோல் மீண்டும் மீண்டும் பிரிந்து, கூடைபோல் விரிந்து, நீரில் மிதந்து வரும் சிறு ஜந்துக்களைப் பிடிக்கும். அதன் கணுவெலும்புகள் சேணம்போல் வளைந்து பொருந்துவதால் கைகளை மேலும் கீழும் சுருட்ட முடிகிறது. தகடுகள் தடித்த தோலுக்குள் மறைந்திருக்கின்றன. பார்வைக்கு இவ்வளவு வேறுபட்டிருந்ததால், ஆதிகாலத்திலேயே இது தனிக் கிளையாகப் பிரிந்துவிட்டது, மற்ற நொறுங்கு நட்சத்திரங்களெல்லாம் ஒரு கிளை என்று நெடுநாள் நம்பப்பட்டது.

பக்கத் தகடு தந்த சாட்சி

இந்த முடிச்சை அவிழ்த்தது பக்கத் தகடு என்னும் சின்னஞ்சிறு எலும்பு. லக்ஸம்பர்க் தேசத்துப் பென் துயியும் ஸ்வீடனைச் சேர்ந்த சபினே ஸ்டோரும் 2011இல் இந்த ஒரே தகட்டை எடுத்துக்கொண்டு, பல இனங்களில் அது எப்படி மாறுகிறது என்று மின்னணு நுண்பெருக்கி மூலம் ஆராய்ந்து வெளியிட்டார்கள். முள் வந்து பொருந்துகிற பீடம் எந்த வடிவில் இருக்கிறது? தசை செல்லும் துளையும் நரம்பு செல்லும் துளையும் தனித்தனியாக உள்ளனவா? தகட்டின் உட்புறத்தில் வரம்புகள் எப்படி ஓடுகின்றன? வெளிப்புறம் வழவழப்பா, சொரசொரப்பா? இவைதாம் அவர்கள் கேட்ட கேள்விகள். ஒரு வம்சத்தில் அந்தப் பீடம் சங்கின் சுருளைப்போல் வளைந்திருக்கிறது. வேறு வம்சத்தில் இரண்டு மேடுகள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. நெசவாளிக்குப் பாவும் ஊடையும் எப்படியோ, அப்படி இந்த ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பீடமும் துளையும் ஆயின.

பக்கத் தகடு ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு ஜந்துவிலிருந்து உதிர்கிற தகடுகளில் அதுவே மிகுதியானது, உறுதியானது, அடையாளங்கள் நிறைந்தது. பாறையைக் கழுவினால் முதலில் கைக்கு வருவதும் அதுதான்.

ஆனால் ஓர் எலும்பை மட்டும் நம்பி வம்சாவளி எழுதலாமா என்று சந்தேகிப்பது நியாயம். அதற்கு விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. 2014இல் ஆஸ்திரேலியாவின் டிமதி ஓ'ஹாராவும் அவருடைய சகாக்களும் ஐம்பதுக்கு மேற்பட்ட நொறுங்கு நட்சத்திரங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு ஒரு வம்ச விருட்சத்தை வரைந்தார்கள். பழைய நம்பிக்கை தகர்ந்தது. கூடை நட்சத்திரம் தனித்து நிற்கவில்லை. சாதாரணத் தோற்றமுள்ள ஒரு கூட்டத்தாருக்கே அது நெருங்கிய பங்காளி என்று தெரிந்தது. 2016இல் துயியும் ஸ்டோரும் எலும்பு அடையாளங்களைக் கொண்டே மற்றொரு விருட்சத்தை வரைந்தபோது, அது மரபணு விருட்சத்தோடு ஒத்துப்போயிற்று. இரண்டு சாட்சிகள், ஒருவரையொருவர் கேளாமல், ஒரே வாக்குமூலம் கொடுத்தது போலாயிற்று இது. 2018இல் இவ்விரு குழுவினரும் சேர்ந்து, இன்றுள்ள நொறுங்கு நட்சத்திரங்களை ஆறு வரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எலும்பு அடையாளங்களை எழுதி வெளியிட்டார்கள்.

அதன் பயன் உடனே தெரிந்தது. பெயரின்றிக் கிடந்த சில்லுகள் பேசத் தொடங்கின. அட்லாண்டிக் ஆழ்கடலில் துளையிட்டு எடுத்த, 11 கோடி வருஷத்துக்கு முந்திய மண்ணில் கிடைத்த துணுக்குகளைக் கொண்டு, இன்றைய ஆழ்கடல் வம்சங்கள் சில அக்காலத்திலேயே ஆழத்தில் வாழ்ந்தன என்று 2012இலேயே காட்டியிருந்தார்கள். பால்டிக் கடலிலுள்ள கோட்லாண்ட் தீவில் கிடைத்த, 43 கோடி வருஷத்துக்கு முந்திய மிகச் சிறு படிவங்கள், இன்றைய நொறுங்கு நட்சத்திரத்தின் உடலமைப்பு எப்படித் தோன்றியது என்பதற்கு 2022இல் சான்று தந்தன. பெரிய உயிர் நெருக்கடி ஒன்றில் மூதாதையர் உருவத்தில் சிறுத்தார்கள். அந்தச் சிறு உடலே பிற்காலத்தவருக்கு அச்சாயிற்று என்பது அவர்கள் கண்ட முடிவு.

நம் கடலும் நம் பாறையும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னை அருங்காட்சிச் சாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் தூத்துக்குடியில் சேகரித்த முட்தோலிப் பிராணிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவற்றைப் பற்றி ஜெப்ரி பெல் 1888இல் அங்கே அறிக்கை வெளியிட்டார். இன்வெஸ்டிகேட்டர் என்ற இந்தியக் கடலளவைக் கப்பல் ஆழ்கடலிலிருந்து எடுத்த நொறுங்கு நட்சத்திரங்களைப் பிரெஞ்சுக்காரரான ரெனே கோலர் ஆராய்ந்து 1899இல் கல்கத்தாவில் நூலாகப் பதிப்பித்தார். 1927இல் சென்னை அருங்காட்சிச் சாலை குருசடைத் தீவின் கரையோர ஜந்துக்களைப் பற்றித் தனி மலர் வெளியிட்டது. சுதந்திரம் வந்த 1947இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தோன்றி மண்டபத்தில் வேலை நடத்தியது. அங்கே பணிக்கரும் ரகு பிரசாத்தும், சொறி மீனின் மேல் சவாரி செய்யும் நொறுங்கு நட்சத்திரங்களைக் கண்டு 1952இல் எழுதினார்கள். பிற்காலத்தில் டி. பி. ஜேம்ஸ் நமது கடல்களின் முட்தோலிப் பிராணிகளைப் பற்றி வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்து பல கட்டுரைகள் எழுதினார்.

உயிருள்ள கடல் இது. கல்லாய்ப்போன கடல் ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. சோமனூரின் மண்ணுக்கடியில் அதைத் தேட வேண்டாம். கோயமுத்தூர்ச் சீமையின் பாறைகள், எலும்புள்ள பிராணி எதுவும் தோன்றுவதற்கு வெகு காலத்துக்கு முன் வெப்பத்தில் வெந்து இறுகியவை. ஆனால் ஊரையொட்டி ஓடும் நொய்யலின் வழியே கற்பனையில் பிரயாணம் செய்யுங்கள். நொய்யல் காவிரியில் கலக்கிறது. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது அரியலூர் ஜில்லா. அங்கும் பக்கத்துப் பெரம்பலூரிலும், பத்துக் கோடி வருஷங்களுக்கு முன் கடல் உள்ளே புகுந்து நின்றது. காரை கிராமத்தின் களிமண் மேடுகளில் சுருண்ட அம்மோனைட்டு ஓடுகளும், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் கடல் முள்ளெலிகளும் பவழமும் சிப்பியும் கிடைக்கின்றன.

இந்தப் பிரதேசத்திலும் புதுச்சேரிக்கு அருகிலும் கேய், கன்லிஃப் என்ற இருவர் சேகரித்த படிவங்களை எட்வர்ட் போர்ப்ஸ் 1846இல் லண்டனில் விவரித்தார். பிளான்போர்டு 1862இல் பாறைகளை உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். செக் நாட்டில் பிறந்த பெர்டினாண்ட் ஸ்டோலிஸ்காவின் உழைப்பால் இந்தியப் பூதத்துவ இலாகா 1873க்குள் நான்கு பெரும் பாகங்களில் இப்படிவங்களைப் படங்களோடு வெளியிட்டது. கடைசிப் பாகத்தில் முட்தோலிப் பிராணிகளும் இடம்பெற்றன. அடுத்த வருஷமே, தம் 36ஆம் வயதில், லடாக் மலைகளில் அவர் காலமானார். அன்னியர் செய்தார்களே என்று குறைப்படுவதில் பயனில்லை. அவர்களுக்கு நாம் நன்றி செலுத்த வேண்டியவர்களே. ஆனால் அவர்கள் கண்ணில் பட்டவை கைக்கு அடங்கும் பெரிய படிவங்கள். பக்கத் தகட்டின் மொழி அப்போது யாருக்கும் தெரியாது.

செய்ய வேண்டிய வேலை

இன்று அந்த மொழி தெரிந்துவிட்டது. ஆனால் ஏடுகள் அழிந்துகொண்டிருக்கின்றன. அரியலூரின் சுண்ணாம்புக்கல் சிமெண்டுத் தொழிற்சாலைகளுக்கு வெட்டப்படுகிறது. வீடும் பாலமும் கட்ட சிமெண்டு வேண்டியதுதான், மறுப்பாரில்லை. எனினும் வெடிவைத்துப் பெயர்க்கும் ஒவ்வொரு பாறையோடும், படிக்கப்படாத பக்கம் ஒன்று சூளைக்குப் போகிறது. கடலில் இழுவலைகள் அடித்தளத்தை வாரும்போது நொறுங்கு நட்சத்திரங்களும் அகப்பட்டுக் கழிவாக எறியப்படுகின்றன. விலையில்லாத ஜந்துவுக்குக் கணக்கும் இல்லை.

இவ்வேலைக்கு ஆரம்பத்தில் பெரும் பொருள் வேண்டியதில்லை. பெயர்த்துப் போட்ட களிமண்ணை நீரில் ஊறவைத்துக் கரைத்து, நுண்ணிய சல்லடையில் வடித்து, எஞ்சியதை உலர்த்தி, பூதக்கண்ணாடியின் கீழ் ஈரத் தூரிகையால் ஒவ்வொரு சில்லாகப் பொறுக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, இன்றுள்ள இனங்களின் எலும்புகளும் கைவசம் இருக்க வேண்டும். அதற்கு ஆராய்ச்சிக்காரர்கள் கையாளும் முறையைக் கேட்டால் திருப்பூர், சோமனூர் வாசிகளுக்குச் சிரிப்பு வரும். துணி வெளுக்கப் பயன்படும் ஸோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தில் கையின் ஒரு துண்டை இடுகிறார்கள். தசை கரைந்துபோகிறது, சுத்தமான எலும்புகள் அடியில் தங்குகின்றன. சலவைப் பட்டறைக்குப் பழக்கமான சரக்கே பிராணி சாஸ்திரத்துக்கும் உதவுகிறது.

இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. அங்கே அனுமதியின்றி எதையும் எடுக்கலாகாது. வலையில் வீணாகும் ஜந்துக்களே ஒப்பீட்டுக்குப் போதும். அடுத்தது, எந்த ஊர், எந்தக் குழி, எந்த அடுக்கு, எந்தத் தேதி என்ற சீட்டு இல்லாத படிவம், முத்திரையில்லாத பேல் போன்றது. அதை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது.

வாரணவாசியில் அரியலூர்ப் படிவங்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர்கள் மாணவரை அங்கே அழைத்துச் செல்லலாம். பெற்றோரும் கோடை விடுமுறையில் குழந்தைகளோடு போய்வரலாம். பெரிய அம்மோனைட்டுகளைப் பார்த்து வியப்பதோடு நின்றுவிடாமல், காலடியில் கிடக்கும் மண்ணிலும் கண் வைக்கக் கற்பிப்பது நல்லது. உயிருள்ள கடலும் கல்லான கடலும் ஒரு நாள் ரயில் பிரயாணத்துக்குள் அமைந்திருப்பது எல்லாத் தேசத்தாருக்கும் கிடைக்காத பாக்கியம். ஓர் அங்குலத் துணியில் இழை எண்ணத் தெரிந்த கண்களுக்குக் கடுகளவு தகட்டில் துளை எண்ணுவது பெரிய காரியமன்று. அரியலூர்ப் பாறையின் அடுத்த பாகத்தை எழுதும் கை, சல்லடையைப் பிடித்துப் பழகிய ஒரு தமிழ் மாணவியின் கையாகவோ மாணவனின் கையாகவோ இருக்கட்டும். சூளை முந்திக்கொள்வதற்குள் அந்தக் கை வேலையைத் தொடங்கட்டும்.